மாவாஸ் எலும்பும் ஓர் உருண்டைப் புளியும்

கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு இரும்பு படுத்திருக்கிறதே, போய்ப் பார்த்தீர்களா? மூன்று இரும்பு, பதம் தவறின வெல்லம் மாதிரி கரடுமுரடாக இருக்கும். இடது கோடியில் கிடக்கிறதை மட்டும் உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கைத் தலை போல வழவழ என்றிருக்கும். அந்த வழுக்கை என் கைவேலை.

சிரிக்கலாம், தப்பில்லை. நானும் சிரித்தேன். ஆனால் அந்த வழுக்கையைப் பார்த்துச் சிரிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னை பிரிக்பீல்ட்ஸிலிருந்து காரில் அழைத்து வந்து, தே தாரிக் டீயும் வடையும் கொடுத்து உட்கார வைத்துவிட்டீர்கள். வடையில் உப்புக் கொஞ்சம் தூக்கல், இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு எழுதப் படிக்க வராது. அதனால் நான் பேசப் பேச உங்களில் ஒரு பெண் தட்டிக்கொண்டிருக்கிறாள். என் பேச்சை நல்ல தமிழாக்கிப் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன். மற்றவர்கள் பேசினதில் மட்டும் கை வைக்கக் கூடாது. இலெட்சுமி பேசினதை இலக்கணமாக்கினால் அப்புறம் அது இலெட்சுமியே இல்லை.

அப்போது நம்முடைய கிடங்கு இந்த இடத்தில் இல்லை. கிள்ளானிலிருந்து மேரு போகிற சாலையில், டயர் கடைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி செய்கிற தொழிற்சாலைக்கும் நடுவில் இருந்தது. எங்கேயாவது மண்ணைத் தோண்டும்போது பழைய சாமான் கிடைத்தால் முதலில் அங்கேதான் வரும். நான் அங்கே துப்புரவுக்காரி. கிடங்கின் ஆள்கூட இல்லை, கான்ட்ராக்ட் கம்பெனியின் ஆள். அப்படியென்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. கிடங்கிலிருந்து யாராவது கம்பெனிக்குப் போன் போட்டு, "இந்த அம்மா வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுநாள் காலையில் என்னைச் செலாயாங் பாசார் சந்தையில் மீன் தொட்டி கழுவ அனுப்பிவிடுவார்கள். ஏற்கெனவே ஒரு வருஷம் அங்கே இருந்துவிட்டு வந்தவள் நான். அந்த வருஷம் முழுக்கப் பேருந்தில் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. தெருவில் இருக்கிற பூனைகளுக்கு மட்டும் என்மேல் அப்படி ஒரு பாசம்.

கிடங்கோ சொர்க்கம். ஏர்கோன் இருக்கும். சத்தம் போட ஆள் கிடையாது. உடைந்த பானைகளும் பழைய மணிகளும் அடுக்கடுக்காகத் தூங்கும். அந்த வேலை போய்விடக் கூடாது என்று தினமும் காலையில் சாமி கும்பிடும்போது ஒரு வரி சேர்த்துச் சொல்லிக்கொள்வேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை தேய்ப்பது. என் வீட்டுக் குத்துவிளக்கில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். யாராவது மங்கின பாத்திரத்தை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தால் அவர்கள் பேசுவது காதில் ஏறாது, கை அந்தப் பாத்திரத்துக்கே போகும். சம்பந்தி வீட்டில் பெண் பார்க்கப் போன இடத்தில் காப்பி டம்ளரை முந்தானையால் துடைத்து, என் மகளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தக் கல்யாணம் நடந்தது, அது வேறு கதை.

அந்த நாலு இரும்பு வந்தது ஒரு வியாழக்கிழமை. கிள்ளான் பக்கம் யாரோ அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்ததாம். கொண்டுவந்தவர் பாக்சிக். கிடங்கின் சாமான்களை ஏற்றி இறக்குகிற மலாய்க்காரர், என் வயதுதான் இருக்கும். கிள்ளானில் தமிழர்களோடு வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் மரியாதைச் சொல் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. "அக்கா, நீ சாப்டியா?" என்பார். மேடத்தைக்கூட "நீ" என்றுதான் சொல்வார்.

மேடம் என்றால் எங்களுக்கெல்லாம் மேலே இருந்த அம்மா. நம்ம தமிழ்ப் பெண்தான். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. இரும்பைப் படித்துப் பெரிய பட்டம் வாங்கினவர். இரும்பைப் போய்ப் படிப்பார்களா என்று எனக்கும் இலெட்சுமிக்கும் உள்ளுக்குள் சிரிப்பு. இலெட்சுமி என் கூட்டாளி, அவளும் அதே கம்பெனி. வயதில் என்னைவிடப் பத்து சின்னவள், வாயில் இருபது பெரியவள்.

அன்றைக்கு மேடம் கோலாலம்பூரில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். பாக்சிக் ஒரு பெட்டியைத் தூக்கி வந்து கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்து மேசையில் வைத்தார். திறந்து பார்த்தேன். உள்ளே மெத்தை மாதிரி வெள்ளைப் பஞ்சு. அதன்மேல் நாலு இரும்பு. என் முழங்கை நீளம் இருக்கும். தண்டு ஒல்லியாக, ஒரு முனை தட்டையாக, மறுமுனை துருவில் உருண்டு திரண்டு. இவ்வளவு அழுக்கை இவ்வளவு நல்ல மெத்தையில் யாராவது போடுவார்களா?

"என்ன இது பாக்சிக்?" என்று கேட்டேன்.

காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சுகிற மிஷின் எனக்குப் பின்னால் லோரி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. பாக்சிக் வாயில் முகமூடி. வெளியே இன்னொரு லோரி ஹாரன் அடிக்கிறது. அவர் போகிற அவசரத்தில் திரும்பி, "துலாங் மாவாஸ்!" என்றார்.

இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும். மலாயில் துலாங் என்றால் எலும்பு. தோலோங் என்றால் 'கொஞ்சம் உதவி பண்ணேன்'. அவர் சொன்னது எலும்பு, என் காதில் விழுந்தது உதவி. மாவாஸ் என்றால் காட்டில் இருக்கிற பெரிய மனிதக் குரங்கு. அதை நான் கேள்விப்பட்டதே இல்லை. எனக்குக் கேட்டது இப்படி: "தோலோங், அமாவாஸ்!"

சனிக்கிழமை மகாளய அமாவாசை. வீட்டில் விளக்கு தேய்க்க வேண்டும் என்று அன்று காலையில்தான் கடையில் ஓர் உருண்டைப் புளி வாங்கிப் பையில் போட்டிருந்தேன். வருஷா வருஷம் அமாவாசை வடை முதலில் பாக்சிக்குக்குத்தான் போகும். அடடா, ஒரு மலாய்க்காரர் நம்ம அமாவாசையை ஞாபகம் வைத்து, அதற்குள் இந்த இரும்பைத் தேய்த்துக் கொடு என்று கேட்கிறாரே! எனக்கு நெஞ்சு உருகிப்போனது.

"ஓகே பாக்சிக், நான் பாத்துக்கறேன்!" என்று கத்தினேன்.

அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு லோரிக்குப் போய்விட்டார்.

புளியைக் கரைத்தேன். தேங்காய் நாரை எடுத்தேன். பேசினில் முதல் இரும்பைப் போட்டு ஊற வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். என்ன சுகம் தெரியுமா! துரு செதில் செதிலாக, வேகாத அப்பளம் மாதிரி உடைந்து வந்தது. உள்ளேயிருந்து கருநீலமாக இரும்பு எட்டிப் பார்த்தது. ஒரு பக்கம் முடிந்ததும் அந்தத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

"பளபளன்னு இருக்கு பாத்தியாடி!"

இலெட்சுமி பக்கத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். "இதுல போய் மொகம் பாத்துக்கக்கா. நெத்திப் பொட்டு கோணலா இருக்கு."

இரண்டாவது இரும்பை எடுத்தேன். இன்னும் தண்ணீரில்கூடப் போடவில்லை. எங்கே அழுக்கு அதிகம் என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது என் பழக்கம். உருண்டு திரண்ட முனையில் விரல் போனது, நின்றுவிட்டது.

கோடு. ஒன்றையொட்டி ஒன்று, நெருக்கமாக, சாய்வாக. கொஞ்சம் தள்ளி அதே மாதிரி கோடுகள் எதிர்ப் பக்கமாகச் சாய்ந்து வந்து முதல் கோடுகளின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தன.

நான் கடை விளக்கமாற்றை நம்புகிறவள் இல்லை. ஈர்க்கு வாங்கி வந்து நானேதான் கட்டிக்கொள்வேன். ஒவ்வொரு சுற்றையும் முந்தின சுற்றோடு இடித்து இழுத்துக் கட்டினால்தான் பிடி ஆடாது. அந்தக் கட்டைத் தடவினால் விரலுக்கு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது அந்தத் துரு. கயிறு இல்லை, நார் இல்லை, வெறும் துருதான். ஆனால் துருவுக்குக் கட்டத் தெரியாது. துரு தாறுமாறாக வளரும். யாரோ உட்கார்ந்து, பல்லால் ஒரு முனையைக் கடித்து இழுத்து, இதைக் கட்டியிருக்கிறார்கள். கட்டு மக்கிப்போய், அதன் அச்சு மட்டும் துருவில் தங்கியிருக்கிறது.

அப்புறம் முதல் இரும்பைப் பார்த்தேன். பளபள. அதில் ஒரு கோடும் இல்லை. இருந்ததா இல்லையா என்றும் இனிமேல் தெரியாது.

இரண்டாவதை மெதுவாக மெத்தையிலேயே திரும்ப வைத்தேன்.

"இலெட்சுமி, நான் என்னமோ பண்ணிட்டேன்டி."

அவள் வந்து பார்த்தாள். சட்டென்று புரிந்துகொள்கிற பெண் அவள். கதவைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், தொட்டியில் தேங்கி நிற்கிற பழுப்புத் தண்ணீரைப் பார்த்தாள். "தண்ணிய தொறந்து விடுக்கா. எல்லாம் போயிரும். இரும்ப தொடைச்சு, மெத்தையில கவுத்துப் போட்டுரு. வந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிறலாம்."

"பாக்சிக் பாத்திருப்பாருல்ல?"

"அவரு இரும்ப பாத்தாரா, லோரிய பாத்தாரா? யாருக்குக்கா தெரியும்? செலாயாங் போறியா நீ? மீன் தொட்டி கழுவப் போறியா?"

பிள்ளைகளே, ஒன்று சொல்கிறேன். தப்பு நடந்தவுடன் கை முதலில் போகிற இடம் குழாய். எந்தத் தப்பாக இருந்தாலும் சரி, அதற்கென்று ஒரு குழாய் இருக்கும். கை தானாகவே போகும். என் கையும் போனது. குழாயின்மேல் விரல் வைத்துவிட்டேன். திறக்கவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. தொட்டியில் அந்தச் செதில்கள் மிதப்பதைப் பார்த்தால், அதில் ஏதோ ஒரு செதிலில் அந்த மனிதரோ மனுஷியோ இழுத்துக் கட்டின சுற்று ஒட்டிக்கொண்டிருக்குமே என்று தோன்றியது. நான் கட்டின விளக்கமாற்றை யாராவது அவிழ்த்துப் போட்டாலே எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்காது.

"போன எடு," என்றேன். "மூணாம் நம்பர அமுக்கிப் புடி."

என் போனில் ஒன்று என் மகள், இரண்டு கம்பெனி சூப்பர்வைசர், மூன்று மேடம். என் கை முழுக்கப் புளி என்பதால் இலெட்சுமிதான் அழுத்தினாள். விரல் தவறி இரண்டை அழுத்தியிருந்தால் என் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அவள் போனை என் காதோடு வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், நான் இரும்ப தேய்ச்சிட்டேன்."

மேடம் காரில் வந்துகொண்டிருந்தார். பின்னால் ஹாரன் சத்தம். "எந்த இரும்பு அக்கா?"

"மெத்தையில வந்துச்சே, அது. ஒண்ணுதான் மேடம். அதுலயும் ஒரு பக்கம்தான். ரெண்டாவத தண்ணில போடல."

 

"எதால தேய்ச்சீங்க?"

"புளியால."

"புளி?"

"நல்ல புளி மேடம். இன்னிக்குக் காலையிலதான் வாங்கினது."

இலெட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

"தண்ணி எங்க?" மேடத்தின் குரல் மாறிவிட்டது. 'அக்கா' என்கிற சொல் காணாமல் போய்விட்டது.

"தொட்டியில நிக்குது."

"கொழாயைத் தொறக்காதீங்க. எதையும் தொடாதீங்க. அப்படியே நில்லுங்க. நகரக் கூடாது."

நகரக் கூடாது என்றார், நான் நகரவில்லை. இரண்டு கையையும் தொட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றேன். விரலிலிருந்து புளித் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விழுந்தது. ஃபெடரல் ஹைவேயில் அன்றைக்குத்தானா அப்படி ஒரு ஜாம் ஆக வேண்டும்! ஒரு மணி நேரம். மூக்கு அரித்தது. இலெட்சுமிதான் சொறிந்துவிட்டாள். "வலது பக்கம்டி. இன்னும் கொஞ்சம் மேல." அதற்கும் திட்டினாள்.

நடுவில் பாக்சிக் வந்தார். என்னைப் பார்த்தார், பளபளக்கிற இரும்பைப் பார்த்தார். முகமூடியைக் கழற்றினார்.

"அக்கா! நீ என்ன செஞ்சே?"

"நீங்கதானே அமாவாசைக்குத் தேய்க்கச் சொன்னீங்க!"

"நானா? அமாவாசையா? நான் துலாங் மாவாஸ்னு சொன்னேன் லா! மாவாஸ்! கொரங்கு! கொரங்கோட எலும்பு!"

இந்த இரும்புகளுக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் அது. அந்தக் காலத்தில் வயலில் மண் கொத்தும்போது இப்படி நீள இரும்பு கிடைக்குமாம். யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. காட்டில் மாவாஸ் என்று ஒரு குரங்கு இருக்கிறது, அதற்கு முழங்கைக்குக் கீழே எலும்பே இரும்புதான், அது செத்தால் இப்படிக் கிடக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்களாம். அதை அவர் அழுகிற குரலில் சொல்கிறார், நான் கையைத் தூக்கிக்கொண்டு கேட்கிறேன்.

"அப்ப கொரங்கு எலும்புக்குப் போய் நான் அமாவாசை கொண்டாடிட்டேன்," என்றேன்.

இலெட்சுமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாக்சிக்கும் வாயைப் பொத்தினார். வேலை போகப்போகிற நேரத்தில் நானும் சிரித்தேன் என்றால் பாருங்கள். கை மட்டும் அசையவில்லை.

மேடம் வந்தார். கூட்டத்துக்காக உடுத்திப் போயிருந்த பாஜு கூரோங், இஸ்திரி கலையாமல் இருந்தது. என்னைத் திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திட்டவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. நேராகத் தொட்டிக்குக் கீழே குனிந்து உட்கார்ந்துவிட்டார்.

"இந்தப் பைப் ஏன் அடைச்சிருக்கு?"

அது மூன்று வாரமாக அடைத்துக் கிடந்தது, குழாயை வேகமாகத் திறந்துவிட்டுத் தள்ளினால்தான் தண்ணீர் இறங்கும். சரி பண்ணு என்று இரண்டு தடவை சொன்னார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன். அதைச் சொன்னேன்.

"நல்லவேளை," என்றார். அதற்காக நீங்கள் குழாயை அடைத்து வைக்க வேண்டாம். எனக்கு ஒரு தடவை அதிர்ஷ்டம் அடித்தது, அவ்வளவுதான்.

அப்புறம் கேட்டார், "டீ வடிகட்டி இருக்கா?"

அத்தனை படித்த அம்மா, நல்ல உடுப்போடு தரையில் மல்லாந்து படுத்து, வளைந்த குழாயைக் கழற்றினார். பாக்சிக் வாளி பிடித்தார். இலெட்சுமி டார்ச் அடித்தாள். நான் டீ வடிகட்டியைப் பிடித்தேன். என்னிடம் இருந்த ஒரே நல்ல வடிகட்டி அது. அன்றிலிருந்து அதில் டீ போடவில்லை. தொட்டித் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாக வடித்தோம். பழைய மயிர்க்கொத்து, ஒரு பட்டன், இலெட்சுமியின் காணாமல் போன தோட்டுத் திருகாணி, அப்புறம் கை நிறையத் துருச் செதில்.

செதில்களை வெள்ளைத் துணியில் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்று செதிலில் கோடு இருந்தது. மூன்றே மூன்று. என் சுண்டுவிரல் நகம் அளவு. மிச்சமெல்லாம் பொடி. அந்தப் பொடியை நான் இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஒரு மாதிரி ஆகும்.

"ரெண்டாவத ஏன் நிறுத்தினீங்க?" மேடம் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கட்டு இருந்துச்சு மேடம்."

"என்ன கட்டு?"

வாயால் எப்படிச் சொல்வது? ஒரு குச்சியும், அவர் மேசையிலிருந்த இரும்பு ஸ்கேலும், பார்சல் கயிறும் கேட்டேன். குச்சியை ஸ்கேலோடு நேராகச் சேர்த்து வைத்து, விளக்கமாற்றுக்குக் கட்டுகிற மாதிரி சுற்றிக் காட்டினேன். "நீட்டமா நிக்கற சாமானுக்கு இப்படித்தான் கட்டணும். சுத்து ஒரே பக்கம் போகும்." அவிழ்த்தேன். குச்சியை ஸ்கேலுக்குக் குறுக்கே வைத்து, இப்படி ஒரு சாய்வு, அப்படி ஒரு சாய்வு என்று மாற்றி மாற்றி இழுத்துக் கட்டினேன். குப்பை வாருகிற வாரிக்கு அப்படித்தான் கட்டுவேன். "குறுக்க நிக்கறதுக்கு இது. இந்தக் கட்டுதான் மேடம் அதுல இருக்கு."

மேடம் கயிற்றுக் கட்டைப் பார்த்தார். கண்ணாடி வழியாக இரண்டாவது இரும்பைப் பார்த்தார். மறுபடி கயிற்றைப் பார்த்தார். மற்ற இரண்டையும் பார்த்தார், செதில்களையும் பார்த்தார்.

விஷயம் என்னவென்றால், அந்த முனை துருவில் உருண்டுபோனதால் பிடி எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பிடி நேராக இருந்தால் அது குத்துகிற ஆயுதம், ஈட்டி மாதிரி. குறுக்கே இருந்தால் கொத்துகிற கருவி, நம்ம சாங்கோல் மண்வெட்டி மாதிரி. மனிதனைக் குத்தினதா, மண்ணைக் கொத்தினதா என்பதுதான் கேள்வி. கட்டு குறுக்குக் கட்டு என்றதும், மண் கொத்தினதுதான் என்று தெரிந்துபோனது. ஈட்டி என்றால் பத்திரிகைக்காரர்கள் ஓடி வருவார்கள் என்று மேடமே சொல்லிச் சிரித்தார்.

பாக்சிக்குக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப மாவாஸ் சண்டை போடல? கெழங்குதான் தோண்டுச்சா?"

"பசிச்சா அதுவும்தான் தோண்டும்," என்றாள் இலெட்சுமி.

இதற்குப் பிறகுதான் நிஜமான பயம். மேடம் அறிக்கை எழுத உட்கார்ந்தார். என்ன நடந்ததோ அத்தனையும் எழுதினார். புளி, தேங்காய் நார், ஒரு பக்கம், எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். 'தெரியாமல் பட்டுவிட்டது' என்று எழுதக் கூடாதா என்று இலெட்சுமி மெல்லக் கேட்டாள். "இன்னும் அம்பது வருஷம் கழிச்சு ஒருத்தர் இந்த வழவழப்ப பாத்து, அந்தக் காலத்து ஆளுங்க இரும்ப இப்படித் தேய்ச்சு வச்சிருந்தாங்கன்னு பொஸ்தகம் எழுதிட்டா?" என்று கேட்டார் மேடம். அந்த ஒரு பதிலை நீங்களும் எங்கேயாவது எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். எனக்கு எழுதத் தெரியாததால் நான் மனசில் ஒட்டிக்கொண்டேன்.

எழுதி முடித்துவிட்டுப் போனை எடுத்தார். கம்பெனிக்குத்தான். இங்கிலீஷில் பேசினார். என் பெயர் வந்தது. 'க்ளீனர்' வந்தது. 'டுமாரோ' வந்தது. இந்த மூன்றும் போதும் எனக்கு. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நாளைலேருந்து நீங்க இங்க க்ளீனிங் பண்ணக் கூடாது."

"சரி மேடம்," என்றேன். என்ன சொல்வது? செய்தது நான்தானே. கெஞ்சினால் அவருக்கும் சங்கடம்.

சோற்றுக் கேரியரைப் பையில் போட்டேன். குடையை எடுத்தேன். மிச்சப் புளியைப் பாக்சிக் கையில் கொடுத்தேன். அவருக்கு எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை, அவரும் வாங்கிக்கொண்டார். என் விளக்கமாறு இரண்டையும் இலெட்சுமியிடம் ஒப்படைத்தேன்.

"சின்னது மூலைக்கு. பெரியத ஈரத்துல போட்டுறாத. கட்டு தளர்ந்தா அவுக்காத, மேலயே இன்னொரு சுத்து போடு."

"போக்கா! நீ என்னமோ சாகப் போற மாதிரி!" என்று சொல்லிவிட்டு அவள்தான் ஓவென்று அழுதாள். செலாயாங்குக்கு எந்தப் பேருந்து, கிள்ளானிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வாசல் கேட் வரை வந்துவிட்டேன்.

பின்னால் செருப்புச் சத்தம். மேடம். உடுப்பெல்லாம் சாக்கடைக் கறை.

"எங்க போறீங்க? மணி நாலுகூட ஆகல."

"நீங்கதானே மேடம் வேணாம்னீங்க."

"க்ளீனிங் பண்ணக் கூடாதுன்னேன். வரக் கூடாதுன்னு சொன்னேனா?"

எனக்குப் புரியவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கம்பெனிலேருந்து உங்கள விடுவிச்சு, எங்க ஆளா எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கேன். இனிமே இரும்பு வந்தா மொதல்ல உங்க கண்ணு பாக்கணும். எங்களுக்குத் தெரியாதது ஏதாவது உங்களுக்குத் தெரியுதான்னு. ஆனா ஒண்ணு அக்கா, தொட்டீங்க, நானே கொண்டுபோய் செலாயாங்ல விட்டுருவேன்."

மறுநாள் காலையில் வந்தேன். கையில் துடைப்பம் இல்லை, வாளி இல்லை. கை இரண்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தன. மேடம் ஒரு நாற்காலியைப் போட்டு, எதிரே ஒரு தட்டை வைத்தார். அதில் மண்ணோடு மண்ணாக ஒரு கத்தித் துண்டு. பழைய அழுக்கு, கெட்டி அழுக்கு, இரண்டு நாள் ஊறினால் உரிந்து வந்துவிடுகிற அருமையான அழுக்கு.

"பாருங்க," என்றார். "சும்மா பாருங்க."

காலையிலிருந்து சாயங்காலம் வரை, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீன் தொட்டி கழுவியிருக்கிறேன், கக்கூஸ் கழுவியிருக்கிறேன், பிரசவம் பார்த்திருக்கிறேன். அத்தனை கஷ்டமான வேலையை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை.